குட்டியானையில் வந்த கப்பல் கால்

விருதுநகர்க்காரனிடம் போய் ‘கடல் எந்தப் பக்கம்?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘தூத்துக்குடி பஸ் அந்த ஓரமா நிக்கும், ஏறி உட்காருங்க’ என்பான். எங்கள் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. மழையும் ஏதோ வேண்டாத உறவினர் மாதிரி எப்போதாவது எட்டிப் பார்க்கும். வானம் இப்படிக் காய்ந்து கிடந்ததால்தான் தீப்பெட்டி வந்தது. 1920-களில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்குப் பின்னால் பட்டாசு. தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்ட வேண்டுமே... அதற்காக அச்சகம். அச்சகம் வந்த பிறகு, உங்கள் ஆபீஸ் சுவரில் தொங்குகிற தினசரி காலண்டர்.

இப்படிப்பட்ட ஊருக்கு ஒரு படகு ரிப்பேருக்கு வந்தது என்றால் நம்புவீர்களா? முழுப் படகு இல்லை. அதன் கால் மட்டும்.

விருதுநகரில் எண்ணெயில் முங்கி எழுந்த பரோட்டாவை நொறுக்கிச் சால்னாவில் ஊற வைத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் போன் வந்தது. கல்லூரியில் என்னோடு பி.காம். படித்தவன். இப்போது தூத்துக்குடியில் கப்பல் சரக்கு கிளியரன்ஸ் ஆபீஸில் வேலை. சம்பளத்தில் மிச்சம் பிடித்து வீட்டு மனை வாங்குவான் என்று எல்லாரும் நினைத்திருக்க, அவன் இரண்டு பேரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு ஒரு பழைய பாய்மரப் படகு வாங்கித் தொலைத்திருந்தான். இருபத்திரண்டு அடி நீளம், ஃபைபர் உடம்பு, இங்கிலாந்தில் செய்தது, எங்கள் இரண்டு பேரையும்விட வயதில் மூத்தது.

‘மாப்ள, உங்க ஊர் பக்கம் பழைய இங்கிலீஷ் மரை வெட்டுற லேத் இருக்கா?’

‘மரை கழண்ட ஆளுதான் இங்க இருக்கேன். என்னடா ஆச்சு?’

‘படகோட கீல் கழண்டு வந்துருச்சுடா.’

கீல் என்பது என்னவென்று தெரியாதவர்களுக்கு (அன்றைக்கு எனக்கும் தெரியாது): பாய்மரப் படகின் அடிவயிற்றில் மீன் செதில் மாதிரி தொங்குகிற இரும்புப் பாளம். காற்று பாயில் அடித்துப் படகைச் சாய்க்கும்போது, கீழே இருக்கும் இந்த எடைதான் அதை நிமிர்த்தும். தஞ்சாவூர் பொம்மையை எத்தனை தடவை தள்ளினாலும் எழுந்து நிற்கிறதே, அதே வித்தைதான். நண்பனுடைய படகில் இந்தப் பாளம் மட்டும் 450 கிலோ. படகின் மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். அதைத் தாங்கிக்கொண்டிருந்தது ஆறே ஆறு ஸ்டட். பாளத்துக்குள் திருகி நிறுத்தி, படகின் தரையைத் துளைத்து மேலே வந்து, உள்ளே நட்டு போட்டு முறுக்கியது.

படகுக்குள் குனிந்து பார்த்தால் நட்டெல்லாம் பளிச்சென்று இருந்ததாம். பாளமும் உடம்பும் சேருகிற இடத்தில் மட்டும் மெல்லிசாக ஒரு கோடு. ‘சிரிப்பு மாதிரி இருந்துச்சு’ என்றான். முறுக்கிப் பார்ப்போம் என்று ஸ்பேனர் போட்டதும் ஒரு ஸ்டட் ‘டப்’பென்று அவன் கையோடு வந்துவிட்டது. அந்த ஸ்டட்டைப் பிறகு நானும் பார்த்தேன். மேலே முக்கால் இஞ்சு கனம், கீழேயும் முக்கால் இஞ்சு. நடுவில், இரண்டும் சேருகிற இடத்தில், சுண்டுவிரல் கனம்கூட இல்லை. உடுக்கை!

தூத்துக்குடியில் இல்லாத லேத்தா? இருக்கிறது. ஆனால் வந்த சிக்கல் மரையில். இப்போது எல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. இந்தப் படகில் இருந்தது விட்வொர்த் மரை. 1841-ல் ஜோசப் விட்வொர்த் என்ற இங்கிலீஷ்காரர் வகுத்த கணக்கு. அதற்கான மரைக்கட்டை வைத்திருப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். சிவகாசியில் எப்படி இருக்கும் என்கிறீர்களா? பழைய இங்கிலீஷ் அச்சு இயந்திரங்களை வாங்கி, கழற்றி, மாட்டி, தட்டிக் கொட்டி ஓட்டிய ஊர் ஸார் இது. அவற்றின் வயிற்றுக்குள் இருந்ததெல்லாம் விட்வொர்த் மரைதான்.

எனக்குத் தெரிந்த ஒரு லேத் அண்ணாச்சி அங்கே இருந்தார். ‘எடுத்துக்கிட்டு வரச் சொல்லுங்க தம்பி, பாப்போம்’ என்றார். என்ன பொருள் என்று கேட்கவில்லை.

மறுநாள் காலை குட்டியானையில் பாளத்தை ஏற்றிவிட்டான் நண்பன். எட்டயபுரம், கோவில்பட்டி, சாத்தூர் வழி. அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. சாத்தூரில் நான் ஏறிக்கொள்வதாக ஏற்பாடு. பஸ்ஸில் போய் இறங்கி, ஒரு பொட்டலம் சேவும் நாலு வெள்ளரிப்பிஞ்சும் வாங்கிக்கொண்டு ரோட்டோரம் நின்றேன். வண்டி வந்தது. பின்னால் தார்ப்பாய் போட்டு மூடி, கயிறு கட்டி, ஒரு முனை மட்டும் கூர்மையாக வெளியே நீட்டிக்கொண்டு...

டிரைவர் முகத்தில் ஈயாடவில்லை. ‘சார், நீங்களே சொல்லுங்க. இது என்ன? வழியில டீ குடிக்க நிறுத்துன இடத்துல எல்லாம் கேக்குறாங்க. சிவகாசிக்குப் போகுதுன்னு சொன்னா ரெண்டு அடி தள்ளி நிக்குறாங்க.’

ஊருக்குள் நுழையும் முன்னால் போலீஸ் நிறுத்தியது. ஏட்டையா தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். கறுப்பாக, வழுவழுப்பாக, ராக்கெட் துடுப்பு மாதிரி 450 கிலோ இரும்பு.

‘என்னய்யா இது?’

‘கப்பல் கால் சார்.’

‘சிவகாசிக்குக் கப்பலா?’

செல்போனில் இருந்த படகுப் படத்தைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தார். ‘இது கவுந்தா நிமிருமா?’ என்று கேட்டார் பாருங்கள்... மூன்று நாளில் இந்த விஷயத்தில் எனக்கு வந்த மிகச் சரியான கேள்வி அதுதான். ‘அதுக்குத்தான் சார் போய்க்கிட்டிருக்கோம்’ என்றேன்.

சாத்தூரிலிருந்து சிவகாசி போகும் ரோட்டில் பகலில் போயிருக்கிறீர்களா? பொட்டல் காட்டில் சின்னச் சின்ன அறைகள், ஒன்றுக்கொன்று சண்டை போட்டுக்கொண்ட பங்காளிகள் மாதிரி தள்ளித் தள்ளி நிற்கும். ஒவ்வொரு அறைக்கும் ஒன்றுக்கு மேல் வாசல், ஓடுவதற்கு. உள்ளே எண்ணி நாலைந்து பேர். கூட்டம் கூடக் கூடாது என்பது சட்டம். மருந்து கலக்குகிற வேலையை வெயில் ஏறுவதற்கு முன்னால் முடித்துவிடுவார்கள். இதற்கெல்லாம் இங்கே பெயர் ஃபேக்டரி இல்லை, ‘ஆபீஸ்’. பட்டாசாபீஸ், தீப்பெட்டியாபீஸ். காலையில் தூக்குவாளியோடு வேன் ஏறுகிற பெண் ‘ஆபீஸுக்கு நேரமாச்சு’ என்றால் நம் ஆபீஸ் மாதிரி ஏ.ஸி.யை நினைத்துவிடாதீர்கள்.

லேத் அண்ணாச்சிக்கு அறுபதை ஒட்டிய வயது. பட்டறை வாசலில் பாளத்தை இறக்கியதும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். உடைந்த ஸ்டட்டைக் கையில் வாங்கி, அந்த உடுக்கை இடுப்பை விரலால் தடவினார். ‘தண்ணி உள்ள போயிருக்கு. போன தண்ணி வெளிய வரல’ என்றார். கடலில் ஒரு தடவைகூட இறங்காதவர். நண்பனுக்கு அனுப்பினேன். ‘சர்வேயர் சொன்ன அதே வார்த்தை’ என்று பதில் வந்தது.

நண்பன் முன்ஜாக்கிரதையாக ஆறு புதிய ஸ்டட்டையும் கடையில் வாங்கி வண்டியில் வைத்திருந்தான். முக்கால் இஞ்சு, இஞ்சுக்குப் பத்து மரை. விட்வொர்த்திலும் அதே முக்கால், அதே பத்து. ‘துருப்பிடிச்சதை எடுத்துட்டு இதைத் திருகினா முடிஞ்சுது, எதுக்கு வெட்டணும்?’ என்பது அவன் கட்சி. அண்ணாச்சி பாளத்தில் நன்றாக இருந்த ஒரு ஓட்டையைச் சுத்தம் செய்து, கடை ஸ்டட்டில் நீல மை தடவித் திருகினார். போயிற்று! சுகமாக உள்ளே போய் இறுகியும் நின்றது. எனக்கு சந்தோஷம், செலவு மிச்சம். அவர் திரும்பக் கழற்றி என்னிடம் காட்டினார். மரையின் சரிவு முழுக்கப் படிய வேண்டிய இடத்தில் ஒரு நூல் அளவுக்குத்தான் மை அழிந்திருந்தது.

‘இது அமெரிக்க மரை தம்பி, அறுபது டிகிரி. இதுல இருக்கிறது அம்பத்தஞ்சு. உள்ள போகும், முறுக்கினா நிக்கும். ஆனா நூல் அகலத்துலதான் புடிச்சிருக்கும். போகாத போல்ட்டு நல்லது. போயி நிக்குதுல்ல, அதான் ஆபத்து.’

கடை ஸ்டட் ஆறும் பழைய இரும்புக் கூடைக்குள் போயின.

பிறகு ஒரு முழுநாள் பிரசவ வேலை. உடைந்து உள்ளேயே தங்கிவிட்ட ஸ்டட்டுகளை வெளியே எடுக்க வேண்டும். ராத்திரி முழுக்க டீசலில் ஊறப்போட்டார். காலையில் முனை நீட்டிக்கொண்டிருந்த இரண்டின் தலையில் ஒரு நட்டை வைத்து வெல்டிங் அடித்து, அந்தச் சூடு ஆறுவதற்குள் ஸ்பேனரால் மெல்ல, முன்னே கொஞ்சம் பின்னே கொஞ்சம் ஆட்டி, வெளியே கொண்டுவந்தார். பாளத்தின் மட்டத்துக்கு உடைந்திருந்த இரண்டுக்கு வேறு வழியில்லை. நட்ட நடுவில் புள்ளி வைத்து, சின்ன டிரில்லிலிருந்து பெரிய டிரில்லாக மாற்றி மாற்றிக் குடைந்து, பழைய மரையைத் தொடாமல் இரும்பை மட்டும் தூளாக்கி எடுத்தார். டிரில் கொஞ்சம் சாய்ந்தாலும் பாளத்தின் மரை போய்விடும். அந்த நேரத்தில் பட்டறையில் ரேடியோவை நிறுத்தச் சொன்னார். நான் சேவு மெல்வதையும் நிறுத்திக்கொண்டேன்.

மத்தியானம் டீ சாப்பிடும்போதுதான் பட்டறையின் இன்னொரு மூலையைப் பார்த்தேன். பித்தளை, செம்புக் கருவிகள். சுரண்டி, சுத்தியல், கரண்டி மாதிரி ஏதேதோ. பட்டாசாபீஸுக்கு. அங்கே இரும்பு உரசினால் பொறி, பொறி வந்தால் எல்லாம் போயிற்று. அதனால் பொறி பறக்காத உலோகம். எனக்கு உடனே மூளை வேலை செய்தது.

‘அண்ணாச்சி, பித்தளை துருப்பிடிக்காதே! ஸ்டட்டையும் பித்தளையில அடிச்சிட்டா என்ன?’

தலையை ஆட்டினார். உப்புத் தண்ணியில் பித்தளைக்குள் இருக்கிற துத்தநாகம் கரைந்து போய்விடும், பார்க்க அப்படியே இருக்கும், தட்டினால் மண்ணாங்கட்டி மாதிரி உதிரும் என்றார். அதோடு இரும்பையும் வேறு உலோகத்தையும் சேர்த்து உப்புத் தண்ணியில் வைத்தால் டார்ச் லைட் பேட்டரி கணக்குத்தானே... இரண்டில் ஒன்று அரிபடும். கடலுக்கென்றே இருக்கிற 316 ரக எவர்சில்வரில் செய்யலாம், அதில் மாலிப்டினம் சேர்ந்திருக்கிறது, ஆனால் அதுவும் காற்று படும்வரைக்கும்தான் யோக்கியன், தண்ணி உள்ளே தேங்கிக் காற்றில்லாமல் அடைந்து கிடந்தால் அதுவும் அரித்துப்போகும் என்றார். ஆக, ஸ்டட்டைவிட முக்கியம் அந்த இடுக்கில் தண்ணி போகாமல் அடைப்பது.

இந்த இடத்தில்தான் என் பி.காம். படிப்புக்கு உலகத்தில் ஒரு உபயோகம் வந்தது. 316 கம்பி வாங்க ஒரு கடைக்குப் போனோம். சாதா 304-க்கும் இதற்கும் கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது, காந்தம் இரண்டிலும் ஒட்டாது. அதனால் மில் சர்ட்டிஃபிகேட் கேட்டார் அண்ணாச்சி. கடைக்காரர் ஒரு காகிதம் நீட்டினார். முத்திரை, கையெழுத்து எல்லாம் ஜோர். பழக்க தோஷம்... வவுச்சரையும் பில்லையும் ஒப்பிடுகிற மாதிரி, காகிதத்தில் இருந்த உருக்கு நம்பரையும் கம்பியின் முனையில் குத்தியிருந்த நம்பரையும் பார்த்தேன். இரண்டும் வேறு வேறு. கடைக்காரர், ‘எல்லாம் ஒரே லோடுதான் சார், காகிதம் மாறியிருக்கும்’ என்றார். மாறியிருக்கலாம். அண்ணாச்சி கம்பியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு இறங்கிவிட்டார். நம்பர் ஒத்துப்போன கம்பி மதுரையிலிருந்து மறுநாள்தான் வந்தது. ஒரு நாள் வீண்.

அன்று ராத்திரி அந்த எரிச்சலில், ‘ஒரு நம்பருக்காகவா அண்ணாச்சி?’ என்று கேட்டுவிட்டேன். கண்டுபிடித்தவனே நான்தான் என்பது வேறு விஷயம்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு 2012-ஐச் சொன்னார். செப்டம்பர் 5, முதலிப்பட்டி. பட்டாசாலை வெடித்து நாற்பது பேருக்குக் கிட்டே செத்துப்போனது. உள்ளே வேலை பார்த்தவர்கள் மட்டுமில்லை, புகையைப் பார்த்து உதவ ஓடியவர்களும். இவரும் அந்தப் பக்கம் போனவர்தான், தாமதமாகப் போனதால் பிழைத்தார். ‘தப்பு எங்கயோ ஒரு எடத்துல நடக்கும். பில்லுல கூட நடக்கும். வெடிக்கிறது வேற எடத்துல’ என்று மட்டும் சொல்லிவிட்டு, பட்டறை விளக்கை அணைக்கப் போனார்.

லாட்ஜ் ரூமில் தூக்கம் வரவில்லை. நண்பனைக் கூப்பிட்டேன். ‘கால் கழண்டா நடுக்கடல்ல என்னடா ஆகும்?’

அவன் வரிசையாக எடுத்துவிட்டான். 1997 ஜனவரியில் டோனி புல்லிமோர் என்கிற இங்கிலீஷ்காரர் தனியாக உலகத்தைச் சுற்றும் போட்டியில் தென் கடலில் போய்க்கொண்டிருந்தார். கீல் முறிந்தது. படகு நொடியில் தலைகீழ். கவிழ்ந்த படகின் வயிற்றுக்குள், இருட்டில், பனித் தண்ணீரில் நாலு நாள் கிடந்தார். செத்துப்போயிருப்பார் என்றே பலரும் முடிவு கட்டினார்கள். 9-ம் தேதி ஆஸ்திரேலியக் கடற்படை ‘அடிலெய்டு’ கப்பலிலிருந்து வந்தவர்கள் படகின் முதுகைத் தட்டினார்கள். மனிதர் முங்கி வெளியே நீந்தி வந்தார்! இது பிழைத்தவர் கதை. 2014 மே மாதம் ‘சீக்கி ராஃபிகி’ என்ற படகு ஆன்டிகுவாவிலிருந்து இங்கிலாந்துக்குத் திரும்பும்போது அட்லாண்டிக்கில் கால் கழண்டு கவிழ்ந்தது. நாலு பேர். கவிழ்ந்த படகு மட்டும்தான் கிடைத்தது. முன்னால் பல தடவை தரைதட்டி, ரிப்பேர் செய்ததில் உள் பிடிப்பு தளர்ந்திருக்கலாம் என்றது விசாரணை அறிக்கை. வெளியே பார்த்தால் தெரியாதாம்.

‘நம்ம அபிலாஷ் டோமியைப் பாரு’ என்றான். 2018-ல் இந்தியப் பெருங்கடலில் அவர் படகு புயலில் உருண்டது, பாய்மரம் முறிந்தது, முதுகெலும்பில் அடி. ஆனால் படகு உருண்டு நிமிர்ந்துவிட்டது. கால் இருந்தது. மனிதரும் 2022-ல் மறுபடி அதே போட்டிக்குக் கிளம்பி, 2023-ல் இரண்டாவதாக வந்தார்.

மறுநாள் அண்ணாச்சி ஆறு ஸ்டட்டும் வெட்டி முடித்தார். நீல மை சோதனையில் மரை முழுக்கப் படிந்தது. பாளத்தின் மேல்முகத்தை வெள்ளி மாதிரி தேய்த்து உடனே எபாக்ஸி பூசினார்கள். தூத்துக்குடிக் காற்றில் தேய்த்த இரும்பு டீ குடித்துவிட்டு வருவதற்குள் சிவந்துவிடும் என்பான் நண்பன். சிவகாசிக் காற்றுக்கு அந்தக் கெட்ட குணம் இல்லை. பெயின்ட் கல் மாதிரி காய்ந்தது. தீப்பெட்டிக் குச்சியைக் காய வைத்த அதே வெயில்!

கடலுக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தமே இல்லை என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அதைக் கொஞ்சம் திருத்த வேண்டும். பக்கத்து வெம்பக்கோட்டையில் 2022-லிருந்து நடந்த அகழாய்வில் குழி குழியாகச் சங்கு வளையல்கள் கிடைத்தன. கடல் சங்கு இந்தக் கரிசல் மண்ணுக்கு வந்து, அறுபட்டு, வளையலாகித்தான் போயிருக்கிறது. அன்றைக்குக் குட்டியானை கிடையாது, மாட்டு வண்டியாக இருக்கும்.

தூத்துக்குடிக்கு நானும் கூடவே போனேன். பழைய துறைமுகத்தை ஒட்டி ஒரு ஷெட். படகை பெல்ட் போட்டு செயின் பிளாக்கில் தொங்கவிட்டிருந்தார்கள். கீழே பாளத்தை மரச் சட்டத்தில் நேராக நிறுத்தினோம். முதலில் பசை இல்லாமல் வெறுமனே ஒரு தடவை இறக்கிப் பார்த்தார்கள், ஆறு ஸ்டட்டும் ஆறு ஓட்டைக்குள் போகிறதா என்று. ஐந்து போயிற்று. ஆறாவது ஒரு நூல் தள்ளி நின்றது. அரை நாள் அதற்கு.

வேடிக்கை பார்க்க ஒரு வயதான ஓடாவி வந்து நின்றார். தோணி கட்டுகிறவர். மாலத்தீவுக்கு வெங்காயமும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு போகிற தூத்துக்குடித் தோணிகள் அவர் மாதிரி ஆட்களின் கைவேலை. தோணிக்கு முதலில் ஏராக்கட்டையைக் கிடத்தி, பூசை போட்டு, அதன்மேல்தான் விலா விலாவாக உடம்பை எழுப்புவார்களாம். வெறுமனே போனால் கல்லும் மண்ணும் பாரம் ஏற்றிக்கொள்வார்கள். எங்கள் படகை மேலும் கீழும் பார்த்தார். ‘உடம்பைச் செஞ்சிட்டுக் காலைக் கட்டுறீகளாக்கும்’ என்றார். பிறகு அவரே பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு ‘மெல்ல விடு, மெல்ல விடு’ என்று இறக்க உதவினார்.

பாலியூரித்தேன் பசையைக் கேக் மேல் கிரீம் மாதிரி தாராளமாக அப்பி, படகை இறக்கி, நட்டுகளைப் பாதிதான் முறுக்கினார்கள். முழுக்க முறுக்கினால் பசையெல்லாம் பிதுங்கி வெளியே வந்துவிடும், உள்ளே ஒன்றும் மிஞ்சாது. ஒரு வாரம் காய்ந்த பிறகு, லாரிப் பட்டறையிலிருந்து இரவல் வாங்கிய டார்க் ஸ்பேனரால் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி முழு முறுக்கு. உள்ளே நட்டுக்கு அடியில் பழைய வாஷருக்குப் பதிலாக உள்ளங்கை அகலத் தகடு. எடை ஒரு புள்ளியில் இழுக்காமல் பரவ வேண்டுமே.

பதினோராம் நாள் தண்ணீரில் இறக்கினார்கள். கரையிலிருந்து பாய்மர உச்சிக்குக் கயிறு கட்டி, எட்டுப் பேர் சேர்ந்து படகைப் பக்கவாட்டில் இழுத்துச் சாய்த்தோம். மரம் தண்ணீரைத் தொட்டது. ‘விடு!’ என்றான் நண்பன். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை, படகைத்தான் பார்த்தேன். ஒரு கணம் யோசித்த மாதிரி இருந்தது. அப்புறம் தண்ணீரை உதறிக்கொண்டு எழுந்து நின்றது.

இருந்தாலும் அன்றைக்கே கடலுக்குப் போகவில்லை. சிவகாசியிலிருந்து வரும்போது அண்ணாச்சி ஒரு தினசரி காலண்டர் கொடுத்திருந்தார். போன வருஷத்தது. அதில் தாள் தாளாகக் கிழித்து, படகின் அடிவயிற்றில் ஒவ்வொரு நட்டைச் சுற்றியும் வைக்கச் சொல்லியிருந்தார். ஆறு நட்டு, ஆறு தேதி. காலையில் டார்ச் அடித்துப் பார்த்தோம். ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம் எல்லாம் மொறமொறவென்று படிக்கிற மாதிரி இருந்தது.

போன் போட்டேன்.

‘தாள் நனைஞ்சிருக்கா தம்பி?’

‘இல்ல அண்ணாச்சி. ஆறும் காஞ்சு கெடக்கு.’

‘சரி. நாளைக்கும் ஆறு தாள் வையிங்க. பாத்துட்டுச் சொல்லுங்க’ என்றார். பின்னால் லேத் ஓடுகிற சத்தம் கேட்டது.